ஸ்டெர்லிங் சாலைக்குப் போகும் வழி

தாம்பரத்தில் காலை மின்சார ரயில் ஏறுகிறவர்களில், விசா நேர்காணலுக்குப் போகிறவர்களை எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம். வேலைக்குப் போகிறவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார்கள். இவர்கள் தூங்குவதில்லை. பிளாஸ்டிக் ஃபைலை மடியைவிட்டு இறக்குவதுமில்லை. எங்கள் எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு டெக்சாஸில் தலைப்பிரசவம். மருமகன் அங்கிருந்தே படிவத்தை நிரப்பி, 185 டாலர் கட்டி, நாள் குறித்து அனுப்பிவிட்டார். துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கும் அன்று நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் ஒருவரைச் சந்திக்கும் வேலை இருந்தது. இருவரும் கிளம்பினோம்.

சேலையூர், சிட்லப்பாக்கம், மடிப்பாக்கம், நங்கநல்லூர் என்று எங்கள் பக்கத்துத் தெருக்களில் நடந்தால், மாடியை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே பெரியவர்கள் இருவர் மட்டும் குடியிருக்கும் வீடுகள் நிறைய. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுப்பதற்குத் தாம்பரத்திலேயே சேவா கேந்திரம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் புத்தகத்தில் முத்திரை குத்தும் கதவு எதுவும் எங்கள் பக்கம் இல்லை. நாடுகளின் முதன்மைத் தூதரகங்கள் டெல்லியில் சாணக்கியபுரியைச் சுற்றி இருக்கின்றன. சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள். அவையும் கிண்டிக்கு அப்பால், தேனாம்பேட்டை, தியாகராய நகர், நுங்கம்பாக்கம், சாந்தோம் ஆகிய பழைய பணக்காரப் பேட்டைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே இந்த ரயில் பாதைதான் புறநகர்க்காரர்களுக்கு வெளிநாட்டுக்கு முதல் பாதை.

அதற்காகத் தாம்பரம் உலகத்தை அறியாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடிபெயர்ந்தது 1937இல். அடுத்த ஆண்டு டிசம்பரில், அப்போது பெரும்பாலும் முட்புதராக இருந்த அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. முதலில் அது சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் இடம் தாம்பரத்துக்கு மாறியது. நானூறு பேருக்கு மேல் வந்தார்கள். போரிட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு நாடுகளின் பிரதிநிதிகளும் ஒரே மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கிறித்துவ இறையியல் படிக்கிறவர்களுக்கு இன்றும் ‘தாம்பரம் 1938’ என்றால் உலகின் எந்த மூலையிலும் புரியும். இங்கே குடியிருக்கும் நமக்குத்தான் அது அவ்வளவாகத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து அந்த மாநாட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் லுதூலி. பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவராகி, 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசைப் பெற்றவர். அவருடைய ஊர் நேட்டாலில் கரும்பு விளையும் பகுதி. அந்த நேட்டாலுக்குத்தான் 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள். அங்கே அவர்களுக்கென்று கேட்க ஒரு தூதர் இல்லை. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, எஜமானன் அடித்து உடைத்த பல்லோடும் ரத்தத்தோடும் அழுதுகொண்டு போய் நின்றது, டர்பனில் புதிதாக வக்கீல் தொழில் தொடங்கியிருந்த காந்தியின் அறையில். காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பினார், சான்றிதழ் வாங்கினார், நீதிபதியிடம் அழைத்துப் போனார், வேறு எஜமானைத் தேடிக் கொடுத்தார். இன்றைக்கு ஒரு தூதரக அதிகாரி செய்ய வேண்டிய வேலை அத்தனையும் அதில் இருந்தது. தன் ஊரை விட்டு வெகுதூரம் போனவனுக்கு, ‘இவன் எங்கள் ஆள்’ என்று சொல்ல ஒருவர் வேண்டும். தூதரகம் என்ற ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாம் விசா ஜன்னலை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால் அந்த இன்னொரு ஜன்னல் கண்ணில் படுவதில்லை.

தாம்பரத்துக்கு இன்னோர் அயல்நாட்டு உறவும் உண்டு. இங்குள்ள விமானப்படைத் தளத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் இயங்குகிறது. நட்பு நாடுகளின் படை அதிகாரிகளும் இங்கே வந்து படிக்கிறார்கள். 2012 ஜூலையில், இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ஒன்பது பேர் இந்தத் தளத்தில் பயிற்சி பெறுகிறார்கள் என்ற செய்தி வந்தபோது தமிழ்நாடு கொந்தளித்தது. முதலமைச்சர் ஜெயலலிதா கண்டித்தார். அவர்கள் பெங்களூரின் யெலகங்கா தளத்துக்கு மாற்றப்பட்டார்கள். வெளியுறவு என்பது டெல்லியின் அதிகாரம் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. ஆனால் முள்ளிவாய்க்காலில் ஈழப்போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த அந்த ஜூலையில், தாம்பரம் தெருக்களில் நின்றவர்களுக்கு அது டெல்லி சமாச்சாரமாகத் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் கூடாது.

ரயில் சானடோரியத்தைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி சாலைப் பக்கம் மெப்ஸ் வாசல். 1984இல் ஏற்றுமதிக்காக அமைத்த வளாகம் இது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போகிறார்கள். தைத்த சட்டைகளும் மின்னணுப் பொருள்களும் இங்கிருந்து வெளிநாடு போகின்றன. அந்த வாசலைக் காட்டி, “அமெரிக்கத் தூதரகத்துக்குள்ள கால் வச்சா அது அமெரிக்க மண்ணாமே, அப்படியா தம்பி?” என்று அம்மா கேட்டார். படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது உண்மையில்லை. தூதரகம் நிற்கும் மண் நம் மண்தான். 1961, 1963ஆம் ஆண்டுகளில் வியன்னாவில் செய்துகொண்ட இரண்டு உடன்படிக்கைகள் இதைத் தீர்மானிக்கின்றன. துணைத் தூதரகத்தின் அலுவல் பகுதிக்குள் அதன் தலைவர் சம்மதிக்காமல் நம் போலீஸ் நுழையக் கூடாது. தீ போன்ற பேரிடர் நேர்ந்தால் மட்டும் சம்மதம் இருப்பதாகவே கொள்ளலாம். கோப்புகளைத் தொடக் கூடாது. அந்தக் கட்டடத்துக்கு ஆபத்து வராமல் காக்கும் பொறுப்பு நம்முடையது. இவ்வளவுதான். உள்ளே பிறந்த குழந்தைக்கு அந்தக் காரணத்தால் மட்டும் அந்த நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. நம் நாடு தன் சட்டத்தின் கையை வாசலிலேயே நிறுத்திக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறது, அந்த வாக்கின்மேல்தான் அந்த மதில் நிற்கிறது.

ஆனால் மெப்ஸ் விஷயம் வேறு. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, இப்படிப்பட்ட மண்டலத்தை, அனுமதிக்கப்பட்ட தொழில்களைப் பொறுத்தவரை, இந்தியாவின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள இடமாகவே கருதச் சொல்கிறது. ஆகவே சுங்கக் கணக்கில் பார்த்தால், தாம்பரத்துக்காரர் வெளிநாட்டை மிதிக்க ஜெமினி வரை போக வேண்டியதில்லை. கடப்பேரியிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வரும் பெண்கள் தினமும் காலையில் அதற்குள் போய் மாலையில் திரும்புகிறார்கள். சரக்குக்கு இவ்வளவு எளிதாகத் திறந்த எல்லை, மனிதர்களுக்கு இவ்வளவு இறுகிக் கிடக்கிறதே என்ற எண்ணம் குரோம்பேட்டை தாண்டும்வரை என்னை விடவில்லை.

பல்லாவரத்தில் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு குன்று. அதில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. அவனுடைய பட்டப்பெயர்களைக் கல்லில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். இப்போது அது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. மகேந்திரனின் வழியில் வந்த இராஜசிம்மன்தான் காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டியவன். அவன் 720இல் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பிய செய்தியைத் தாங் அரச வரலாறு பதிவு செய்திருக்கிறது. அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்கத் தன் யானைப்படையையும் குதிரைப்படையையும் தருவதாகச் சொன்னான். தன் படைக்குச் சீனப் பேரரசர் ஒரு பெயர் சூட்ட வேண்டும் என்றும் கேட்டான். பேரரசர் பெயர் சூட்டினார். தூதுவருக்குப் பூவேலைப் பட்டு அங்கியும் பொன் கச்சையும் மீன் சின்னம் பொறித்த பையும் கொடுத்து அனுப்பினார். சீனத்தின் பேரில் பல்லவன் ஒரு கோயில் கட்டி, அதற்கும் பெயர்ப்பலகை கேட்டு வாங்கினான். அந்தக் கோயில் இன்று இல்லை. இராஜராஜனும் இராஜேந்திரனும் முதலாம் குலோத்துங்கனும் சீனத்துக்கு அனுப்பிய தூதுக்குழுக்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு முந்நூறு ஆண்டு முன்னால் தொண்டை மண்டலத்திலிருந்து போன இந்தத் தூதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம். திரும்பி வரும்வரை அந்தத் தூதுவர்களுக்குப் போன இடம்தான் பாதுகாப்பு. வியன்னாவில் எழுதிவைத்ததற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதாமல் நடந்த ஏற்பாடு அது.

திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். அங்கே பெட்டிகளோடு இறங்கிய இளைஞர்கள் சிலர் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் என்று அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. அவர்களுக்கான விசா வாசலைச் சென்னையில் தேடினால் கிடைப்பது கடினம். வளைகுடா வேலைக்கான பாஸ்போர்ட்டுகள் பெரும்பாலும் ஏஜென்ட் கையில் மும்பைக்கோ டெல்லிக்கோ போய்த் திரும்புகின்றன. ஐக்கிய அரபு அமீரகம் 2016இல் திருவனந்தபுரத்தில் துணைத் தூதரகம் திறந்தது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற குறிப்பு இருக்கும். வேலைக்காகப் பதினெட்டு நாடுகளுக்குப் போக அவர் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். ஆக, தூதரக அதிகாரியின் முகத்தையே பார்க்காமல் நாட்டை விட்டுப் போகிற பெரும் கூட்டம் இது. பிறகு அவர்களில் சிலர் தூதரகத்தைக் காண்பது மோசமான நேரத்தில்தான். 2024 ஜூன் 12ஆம் தேதி விடியற்காலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து, நாற்பத்தைந்து இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். உடல்களை அடையாளம் கண்டு, காகிதங்களை முடித்து, இரண்டே நாளில் விமானப்படை விமானத்தில் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் தூதரகம் என்று ஒன்று எதற்கு என்பது உறைக்கிறது.

விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், முட்டுச்சந்து ஒன்றின் கடைசியில், லட்சுமி விசா கணபதி கோயில் இருக்கிறது. எண்பதுகளின் இறுதியில் ஒரு குடும்பம் கட்டிய சின்னக் கோயில். வேண்டிக்கொண்டவர்களுக்கு விசா கிடைத்ததாகப் பேச்சு பரவிய பிறகு, பெயரிலேயே விசா சேர்ந்துவிட்டது. ஹைதராபாத் பக்கம் சில்குர் பாலாஜிக்கும் இதே புகழ் உண்டு. அம்மா முந்தின நாளே போய்ப் பாஸ்போர்ட்டை வைத்துக் கும்பிட்டு வந்திருந்தார். இதை யாரும் ஏளனமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமை ஒருவர் கையில் இருக்கும்போது, மன்றாட வேறோர் இடம் மனிதருக்கு வேண்டியிருக்கிறது.

கிண்டியில் ரயிலை விட்டு இறங்கினால் அப்புறம் அண்ணா சாலை. சைதாப்பேட்டை தாண்டி இடமும் வலமும் கிளைகளில் துணைத் தூதரகங்கள். செனடாப் சாலையில் ஜப்பான். கார்ன்வாலிஸுக்கு எழுப்பிய நினைவு மண்டபம் ஒரு காலத்தில் அங்கே நின்றதால் வந்த பெயர் அது. மண்டபத்தைப் பிறகு கோட்டைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. போட் கிளப் சாலையில் ஜெர்மனி. தி.நகர் பக்கம் சிங்கப்பூர். கொரியாவுக்கும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்த அலுவலகங்களில் ஜப்பானியரும் கொரியரும் ஜெர்மானியரும் தங்கள் குழந்தைகளின் பிறப்பைப் பதியவும் பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் வருகிறார்கள். நமக்கு விசா வாசலாகத் தெரியும் கட்டடம் அவர்களுக்கு ஊர் கிராம நிர்வாக அலுவலகம் மாதிரி. தைவானைத் தனி நாடாக இந்தியா அங்கீகரிக்கவில்லை. எனவே அதற்கு இருப்பது 2012இல் திறந்த பொருளாதார, பண்பாட்டு மையம். பெயர் எதுவானாலும் விசா கொடுக்கிறது.

சில வீடுகளின் வாசலில் பித்தளைப் பலகையும் ஓர் அயல்நாட்டுச் சின்னமும் தெரியும். உள்ளே இருப்பவர் சென்னைத் தொழிலதிபர். கௌரவத் தூதர். முழு அலுவலகம் நடத்த வசதியோ தேவையோ இல்லாத நாடுகள் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கும் பழக்கம் நூற்றாண்டுகள் பழையது. வியன்னா உடன்படிக்கையில் இவர்களுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கா சென்னையில் கால் வைத்ததே இந்த வழியில்தான். 1794இல், ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், சென்னைவாசியான வில்லியம் அபட் அமெரிக்க வணிக நலனைப் பார்த்துக்கொள்ளும் முகவராக நியமிக்கப்பட்டார். அப்போது இங்கே வர விரும்பியவர்கள் அமெரிக்கர்கள். பிறகு பாஸ்டனிலிருந்து கப்பலில் ஐஸ் கட்டி வந்து இறங்கியது. அதைச் சேமித்த கட்டடம் இன்று கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அந்தக் கப்பல்கள் வந்த திசைக்குத்தான் இப்போது எதிர்வீட்டு அம்மா பிரசவம் பார்க்கப் போகிறார்.

ஜெமினி. எஸ்.எஸ்.வாசனின் ஸ்டூடியோ போய் எத்தனையோ காலமாகியும் அந்த முனைக்கு அதுதான் பெயர். 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா பெயர். மக்கள் வாயில் அதுவும் ஜெமினி மேம்பாலம்தான். பாலத்தடியில் குதிரையை அடக்கும் மனிதனின் சிலை, குதிரைப் பந்தய ஒழிப்பின் நினைவு. அதன் எதிரில் அமெரிக்கத் துணைத் தூதரகம். 1969 முதல் அந்த இடத்தில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் ஒரு திரைப்படத்துக்கு எதிரான போராட்டத்தில் இந்தக் கட்டடத்தின் மீது கல் விழுந்தது. தடுப்புகளும் காவலும் இல்லாமல் இப்போது அந்த நடைபாதையைக் கற்பனை செய்ய முடியாது.

வரிசையில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டையில் பொறியாளர்கள், பல்கலைக்கழகக் கடிதத்தோடு மாணவர்கள், கல்யாண ஆல்பத்தோடு புதுப்பெண்கள். பெரியவர்கள் வீட்டுப் பத்திரம், பென்ஷன் ஆணை, வங்கிப் புத்தகம் அத்தனையும் கொண்டுவருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் கேட்பதில்லை. கண்ணாடிக்கு அப்புறம் நிற்கும் அதிகாரி சில நிமிடங்களில் முடிவு செய்கிறார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டு வருகிறவரை, அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் சுமை வந்தவருடையது. அறுபத்தைந்து வயதுவரை இதே ஊரில் வாழ்ந்து, கணவரை இங்கேயே எரித்து, தெருக் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரு பெண், ‘நான் திரும்பி வந்துவிடுவேன்’ என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தன் வீட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் அனுமானமே சந்தேகமாக இருக்கும் ஒரு சட்டத்தின் முன் நம் தாய்மார்கள் நிற்பதைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது.

ஹெச்-1பி வேலை விசாக்களைப் பெருமளவில் கையாளும் அமெரிக்க அலுவலகங்களில் இதுவும் ஒன்று. தென்னிந்தியா முழுவதற்கும் ஒரு காலத்தில் இதுவே வாசல். ஹைதராபாத்தில் தனி அலுவலகம் வந்த பிறகு தெலுங்கு மாநிலங்கள் அங்கே போயின. 2025 ஜனவரியில் பெங்களூரிலும் துணைத் தூதரகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அரசு அறிவித்தபோது, எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் அன்றிரவு தூக்கமில்லை. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து விழுந்தால் ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டுக்கடன் கணக்கு மாறுகிறது.

வெளியே காத்திருப்பவர்களின் இடம் எதிர்ச்சாரி நிழல். செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்தது. இப்போது காபியும் இல்லை, உட்காரவும் இடமில்லை. பிறர் பைகளையும் செல்போன்களையும் காவல் காத்துக்கொண்டு அப்பாக்களும் அண்ணன்களும் நிற்கிறார்கள். வெளியே வருகிறவர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கும் முதல் விஷயம். இருந்தால் கிடைக்கவில்லை. வெறுங்கையாக வந்தால் கிடைத்துவிட்டது.

அம்மா வெறுங்கையாக வந்தார். “ரெண்டே கேள்விதான் தம்பி. தமிழ்லயே பேசினாங்க. எதுக்குப் போறீங்க, எவ்வளவு நாள் இருப்பீங்கன்னு கேட்டாங்க. பொண்ணுக்குப் பிரசவம், பிள்ளைக்கு ஆறு மாசம் ஆனதும் வந்துடுவேன்னேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க” என்றார். அவருடைய தங்கை மகன் வந்து அழைத்துக்கொண்டு போனான். நான் நுங்கம்பாக்கம் பக்கம் நடந்தேன்.

இந்த நடையில் எனக்குப் பிடித்த வேறோர் உலகம் இருக்கிறது. ரட்லண்ட் கேட்டில் ஜெர்மானியரின் மாக்ஸ்முல்லர் பவன். கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ். ஆழ்வார்ப்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்யப் பண்பாட்டு மையம். அமெரிக்கத் தூதரகத்துக்கு உள்ளேயே ஒரு நூலகம். அண்ணா சாலையில் பிரிட்டிஷ் கவுன்சில். தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் ரயிலேறி வந்து இங்கே படம் பார்த்த, புத்தகம் எடுத்த ஒரு தலைமுறை இருந்தது. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கிடைத்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படிக்காமல் இங்கே எழுத வந்தவர்கள் எழுபதுகளில் குறைவு. பனிப்போரில் இரு தரப்பும் நம் மனத்தைப் பிடிக்கப் போட்டியிட்டன என்பது உண்மைதான். ஆனாலும் அதில் நமக்குக் கிடைத்தது தல்ஸ்தோயும் செகாவும் ஃபாக்னரும். விசா இல்லாதவனும் நுழையக்கூடிய வாசலாக அவை இருந்தன. அந்த வாசல்கள் இப்போது குறுகிவிட்டதை நான் பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

லயோலா கல்லூரி இருக்கும் ஸ்டெர்லிங் சாலையில்தான் இலங்கைத் துணைத் தூதரகம். காமன்வெல்த் நாடு என்பதால் அதற்குத் துணை உயர் ஆணையம் என்று பெயர். முன்பு டி.டி.கே சாலையில் இருந்தது. சென்னையில் இதைப்போல முற்றுகைப் போராட்டங்களைக் கண்ட தூதரகம் வேறு இல்லை. 2009இலும், 2013 மார்ச்சில் லயோலா மாணவர்களின் உண்ணாவிரதம் மாநிலமெங்கும் பரவியபோதும், போலீஸ் வேனில் ஏற்றப்பட்ட இளைஞர்களின் படங்களைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதே கதவின் உள்பக்கத்தில், அதே ஆண்டுகளில், கையில் குழந்தையோடு அமைதியாக வரிசையில் நின்றவர்களும் ஈழத் தமிழர்கள்தான். அவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

1983க்குப் பிறகு படகில் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இன்னும் ஐம்பத்தெட்டாயிரம் பேர் அளவுக்கு நூற்றுச் சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் மேலும் முப்பதாயிரத்துக்கு மேல். 2021இல் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. வீடுகளும் கட்டிக் கொடுக்கிறது. ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடையாது. 2019இன் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. மறுபக்கம், இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால் பிறகு காரணம் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பதியாவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லை. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் முகாமாகப் போய் இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறது. நாடு திரும்புவதானாலும், வேறு நாடு போவதானாலும், இங்கேயே இருப்பதானாலும் இந்தக் காகிதம் முதலில் வேண்டும்.

இதே ஏற்பாட்டின் மறுமுகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 2010 நவம்பரில் அங்கே இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது. எல்லை தாண்டியதாகப் பிடிபடும் ராமேசுவரம், நாகை மீனவர்களைச் சிறையில் போய்ப் பார்ப்பது அதன் அதிகாரிகளின் வழக்கமான வேலை. பிடிபட்ட அயல்நாட்டவரைச் சந்திக்கத் தூதரக அதிகாரிக்கு உரிமை தரும் 36ஆம் பிரிவு, வியன்னா காகிதத்திலிருந்து இறங்கி வந்து ஒரு மீனவரின் மனைவிக்கு, ‘உயிரோடு இருக்கிறார், அடிபடவில்லை’ என்ற தகவலாக மாறுகிறது.

நான் பார்க்க வந்தவர் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து வளர்ந்தவர். பெயின்டர். போன வருடம் எங்கள் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வந்தபோது பழக்கம். மனைவியும் கைக்குழந்தையுமாகக் காலையிலேயே வந்து விண்ணப்பம் கொடுத்துவிட்டு டீக்கடை ஓரம் நின்றிருந்தார்.

“இவளுக்குப் பதிஞ்சிடலாம் அண்ணா. எனக்குச் சர்டிபிகேட் இருக்கு. வீட்டுக்காரிக்குத்தான் அம்மாவோட பிறப்புப் பத்திரம் வேணும். அவ அம்மா 90ல மன்னார்ல இருந்து வரும்போது ஒண்ணும் எடுத்துட்டு வரல. கட்டின துணியோட வந்தவங்க.”

“மன்னாரில் சொந்தம் யாராவது இருக்கிறார்களா?”

“பெரியம்மா ஒருத்தங்க. முருங்கன்ல. போன்ல பேசுவோம். நான் பார்த்ததே இல்ல. இலங்கையவே பார்த்ததில்லையே அண்ணா.”

திரும்பிப் போவதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மனைவி, குழந்தை பள்ளிக்கூடம் சேரும் முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றார். மனைவிக்கு அங்கே அப்பாவழி நிலம் கொஞ்சம் இருக்கிறது. பத்திரம் யாரிடம் என்று தெரியாது. கணவருக்கு இங்கே வேலை இருக்கிறது, கும்மிடிப்பூண்டியைத் தவிர வேறு ஊர் தெரியாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையால் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்து, 2024இல் அவர் வாக்களித்த செய்தியை முகாமில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். “அந்தக்கா 87க்கு முன்னாடி பிறந்தாங்க. நாங்க பின்னாடி” என்றார்.

பெரியம்மா மூலமாக மன்னார் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவின் நகல் கேட்பதுதான் வழி. மனைவியின் அம்மாவுடைய பெயரும் ஊரும் பிறந்த ஆண்டும் மட்டும் தெரியும், தேதி தெரியாது. அந்த ஆண்டில் மாரி மழை தொடங்கிய மாதம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாராம். ஐப்பசி, கார்த்திகை என்று வைத்து, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பதிவேட்டைத் தேடித் தரும்படி கடிதத்தை டீக்கடைப் பெஞ்சிலேயே எழுதினேன். குழந்தையை அவர் வாங்கிக்கொண்டார். மனைவி ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்து, முருங்கன் முகவரியைத் தன் கையால் உறையில் எழுதினார்.